பிறர் ஊர்ந்த ஊர்தி

2021ஆம் ஆண்டு ஆவணித் திங்களில் என் மகன் ஒரு கார் வாங்கினான். ஜெர்மனி நாட்டின் பெயர்பெற்ற நிறுவனங்களுள் ஒன்றினுடைய கார் அது. எந்த நிறுவனம் என்பது இங்கு வேண்டுவதில்லை. ஒன்பது ஆண்டுகள் தில்லியில் வேறொருவரிடம் ஓடிய பின், தரகர் வழியாகச் சென்னைக்கு வந்து அவன் கைக்குச் சேர்ந்தது. வாங்கலாமா என்று அவன் என்னைக் கேட்கவில்லை. வாங்கிய பின் வாயிலில் கொண்டுவந்து நிறுத்தி, “அம்மா, ஏறி உட்காருங்கள், ஜினாலயத்திற்குப் போய் வருவோம்” என்றான். கதவைத் திறந்தேன். இருக்கைகள், கதவின் உட்புறம், ஸ்டியரிங் சக்கரத்தின் உறை யாவும் தோல். ஏறாமல் நின்றுவிட்டேன். பின்னாளில் ஏறினேன் என்பதையும் இப்பொழுதே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிடில் இதனை எழுதுபவளைப் பற்றி வாசகர்கள் உள்ளதினும் உயர்வாக எண்ணிவிடக் கூடும்.

அன்று எங்கள் வாயிலில் எழுந்த வழக்கு இது: பிறருக்கென்று செய்யப்பட்டு, பிறர் பயன்படுத்திக் கழித்த பொருளை வாங்குவோனுக்கு, அப்பொருள் உண்டானபோது நிகழ்ந்த தீங்கில் பங்கு உண்டா, இல்லையா? நம் இல்லங்களில் இன்று பொறியாளர்களும் மருத்துவர்களும் பெருகியுள்ளனர். இவ்வழக்கு இனி எங்கள் வாயிலோடு நிற்காது என்பதால்தான் எழுத முற்பட்டேன்.

முதலில் விலையைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். புதிதாக ஏறத்தாழ 60 இலட்சம் ரூபாய் விலையிருந்த அந்தக் காரை என் மகன் 11 இலட்சத்திற்கு வாங்கினான். இத்தகைய கார்கள் விற்பனைக் கூடத்தை விட்டு வெளியேறிய நாள்முதல் விலை சரியத் தொடங்குகின்றன. நான்கைந்து ஆண்டுகளில் பாதி விலை கரைந்துவிடுகிறது. இவனுடைய காருக்கு மற்றுமொரு காரணமும் சேர்ந்தது. 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் தில்லி வட்டாரத்தில் ஓடக் கூடாதென்று 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. 2018இல் உச்ச நீதிமன்றம் அவ்வாணையை உறுதி செய்தது. 2025இல் அதன் கடுமை ஓரளவு தளர்ந்தது என்றாலும், இவன் வாங்கிய காலத்தில் தடை முழுமையாக இருந்தது. ஆகவே ஒன்பதாம் ஆண்டை எட்டிய டீசல் கார்கள் தடையில்லாச் சான்று பெற்றுக்கொண்டு பிற மாநிலங்களை நோக்கிப் புறப்பட்டன. தில்லி மாநகரம் தன் மூச்சுக்கு ஆகாதென்று விலக்க இருந்த புகை, மலிவு விலையில் நம் தெருவுக்கு வந்தது என்று நான் சொன்னபோது மகன் முகம் சுளித்தான். சரியான சொல்தான், எனினும் வாங்கி வந்த அன்றே சொல்லியிருக்க வேண்டியதில்லை.

“புதிதாக ஒரு சிறிய கார் வாங்கினாலும் இதே 11 இலட்சம் ஆகும் அம்மா. நான் ஆடம்பரத்திற்காக ஒரு ரூபாய்கூட மிகுதியாகச் செலவிடவில்லையே” என்பது அவனுடைய முதல் வாதம். நாற்பதாண்டுகளுக்கு அருகில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவளிடம் இந்த வாதத்தைக் கொண்டுவந்திருக்கக் கூடாது. வாங்கும் விலை குறையலாம். உறுப்புகளின் விலை குறைவதில்லை. 60 இலட்ச ரூபாய்க் காரின் உறுப்பு, கார் 11 இலட்சத்திற்குக் கைமாறிய பின்னும், 60 இலட்ச ரூபாய்க் காரின் உறுப்பாகவே விற்கப்படுகிறது. அவனுடைய காரில் வில்லுக்கு மாற்றாகக் காற்றடைத்த ரப்பர்ப் பைகள் இருந்தன. ஏர் சஸ்பென்ஷன் என்கிறார்கள். ரப்பருக்கு வயதாகும், வெயிலில் வெடிப்பு விடும். ஒருநாள் காலை எழுந்து பார்த்தபோது, கார் முன்னிரு கால்களை மடக்கிய ஒட்டகம்போல் மூக்குத் தாழ்ந்து நின்றது. முன்பக்கப் பைகள் இரண்டிற்கும் ரூ. 2,60,000, கசிவை ஈடுசெய்ய ஓயாமல் ஓடிப் பழுதான கம்ப்ரசருக்கு ரூ. 70,000, நான்கு டயர்களுக்கு ரூ. 96,000; பேட்டரிக்கு ரூ. 28,000. பேட்டரியை மாற்றினால் மட்டும் போதாதாம். புதியது வந்திருக்கிறது என்பதைக் காரின் கணிப்பொறிக்குத் தெரிவித்துப் பதிவு செய்ய வேண்டுமாம். ஆண்டுதோறும் செய்யும் சர்வீசுக்கு ரூ. 45,000 வீதம் மூன்றாண்டுகளுக்கு ரூ. 1,35,000. இவற்றை வீட்டுக் கணக்கு நோட்டில் எழுதிக் கூட்டினேன்: ரூ. 5,89,000. டீசலும் காப்பீடும் இதில் சேரவில்லை.

நம் இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் இறுதியானது மிகுபொருள் விரும்பாமை. இவ்வளவு நிலம், இவ்வளவு பொன், இத்தனை ஊர்தி என்று வரையறுத்துக்கொண்டு, அதற்கு மேல் விரும்பாதிருத்தல். என் மாமியார் தம் வரையறையை ஒரு பழைய பஞ்சாங்கத்தின் பின்னட்டையில் எழுதி வைத்திருந்தார். அதில் ஊர்தி என்ற இடத்தில் “வில்வண்டி 1” என்றிருந்தது. அந்த வண்டி விற்கப்பட்டு முப்பதாண்டு கழிந்த பின்னரும் அவர் அவ்வரியை அடிக்கவில்லை. அவர் எங்கும் விலையைக் குறிக்கவில்லை என்பதை இப்பொழுதுதான் கவனிக்கிறேன்.

சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இவ்விரதத்திற்கு நேரும் குற்றங்களாக ஐந்தைக் கூறுகிறார். முதலாவது ஊர்தி பற்றியது. தேவைக்கு மிஞ்சிய ஊர்திகளை வைத்திருத்தல் என்றும், இழுக்கும் விலங்கை அளவு கடந்து ஓட்டுதல் என்றும் இதற்குப் பொருள் உரைப்பர். அளவு மீறிச் சேர்த்தல், பேராசை, அளவு மீறிச் சுமையேற்றல் என்பனவும் அவற்றுள் அடங்கும். இவை நாம் எளிதில் அறிந்துகொள்ளும் குற்றங்கள். எஞ்சிய ஒன்றுதான் என்னை நெடுநாள் வருத்தியது. அது வியப்பு. பிறர் செல்வத்தைக் கண்டு வியத்தல். வியப்பு எவ்வாறு குற்றமாகும் என்று இளமையில் எனக்கு விளங்கியதில்லை. மகனின் கார் வந்தபின் விளங்கிற்று. ஓர் உறவினர் திருமணத்திற்கு அதில் சென்று இறங்கியபோது, மண்டப வாயிலில் நின்றிருந்த இளைஞர் நால்வர் பேச்சை நிறுத்திவிட்டுக் காரைச் சுற்றி வந்தனர். அவர்கள் வியந்தனர்; அவ்வியப்பு என் மேலும் சிறிது தெறித்தது; நான் அதைத் துடைத்துக்கொள்ளவில்லை. அவர்களுள் ஒருவன் மறு ஆண்டே கடன் வாங்கி அதுபோன்ற ஒரு பழைய காரை வாங்கினான் என்று கேள்வியுற்றேன். 11 இலட்சத்தில் வாங்கியது காரை மட்டும் அன்று. 60 இலட்ச ரூபாய்க்குரிய வியப்பையும் சேர்த்தே வாங்கினோம். குறைந்த விலையில் கிடைப்பதால் அது வரையறைக்குள் அடங்கிவிடும் என்று கருதுவது, பஞ்சாங்க அட்டையில் விலை எழுதாதிருந்த மூதாட்டிக்குத் தெரிந்ததை நாம் மறந்ததன் விளைவு.

இனித் தோலுக்கு வருவோம்.

மகனின் இரண்டாவது வாதம் எளிதன்று. “தீவினை செய்தல், செய்வித்தல், செய்வோர்க்கு உடன்படுதல் என மூவகை என்று எனக்குக் கற்பித்தவர்கள் நீங்கள். அந்த மாட்டை நான் கொல்லவில்லை. கொல்லச் சொல்லவும் இல்லை. என் பெயரே அறியாத யாரோ ஒருவருக்காக அது நடந்தது. நான் வாங்காவிட்டால் அந்த உயிர் மீளுமா? தமக்கென்று ஆக்காத உணவை, இல்லறத்தார் தமக்கென்று ஆக்கிய உணவிலிருந்து, முனிவர் ஏற்கிறார். அடுப்பில் நேர்ந்த தீங்கு அவரைச் சேர்வதில்லை. நானும் பிறருக்கென்று ஆக்கியதைத்தானே எடுத்துக்கொண்டேன்?”

ஆகாரதானத்தையும் பழைய கார் வாணிகத்தையும் ஒரே தட்டில் வைப்பதா என்று உள்ளே சினம் எழுந்தது. ஆனால் சினம் விடையாகாது. பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கு முதலில் சொல்லித் தந்தது, மாணவன் தவறான விடை சொன்னால் அவன் எந்தப் படியில் வழுக்கினான் என்று பார் என்பதுதான். நான்கைந்து நாட்கள் படி தேடினேன். கிடைத்தது நூல்களில் அன்று. நான் முதன்முதல் பணியாற்றிய கிராமப் பள்ளியின் நினைவில்.

பள்ளிக்கு அடுத்த தோட்டத்தில் கொய்யா மரங்கள் இருந்தன. ஒரு சிறுவன் மதிலேறிப் பறித்து வருவான். மற்றொருவன் அவனிடமிருந்து கடித்த பாதியை வாங்கித் தின்பான். விலையாக ஒரு கோலிக்குண்டு கொடுப்பான். இருவரும் பிடிபட்டபோது இரண்டாமவன், “நான் மதிலேறவில்லை டீச்சர். அவன் கடித்து மிச்சம் வைத்ததைத்தான் தின்றேன்” என்றான். உண்மைதான். முதல் சிறுவனை விசாரித்தேன். பாதிப் பழத்தோடு தனக்கு வயிறு நிரம்பிவிடும் என்றான். பின் ஏன் நாள்தோறும் இத்தனை பழம் பறித்தாய் என்று கேட்டதற்கு, “குண்டு கிடைக்குமே டீச்சர்” என்றான்.

இதை மகனிடம் சொன்னேன். அவன் சிரித்துவிட்டு, இக்கதை காருக்கு எப்படிப் பொருந்தும் என்றான். பொருந்துவதை அவனே எனக்கு விளக்கியிருந்தான், அவன் அறியவில்லை. ஜெர்மனியில் புதிதாகப் பதிவாகும் கார்களுள் பாதிக்கும் மேற்பட்டவற்றை வாங்குவோர் தனியார் அல்லர், நிறுவனங்கள். தம் அலுவலர்களுக்காகக் குத்தகை முறையில், பெரும்பாலும் மூன்றாண்டுகள்போல் எடுக்கின்றன. குத்தகைப் பணம் காரின் முழு விலைக்குக் கணக்கிடப்படுவதில்லை. 60 இலட்ச ரூபாய்க் கார் மூன்றாண்டு கழித்து 36 இலட்சத்திற்கு விலைபோகும் என்று மதிப்பிட்டால், இடையிலுள்ள 24 இலட்சத்தையும் வட்டியையும் மாதந்தோறும் பகுத்துக் கொடுத்தால் போதும். அந்த 36 இலட்சத்தைக் கொடுக்கப்போகிறவன் யார்? இன்னும் பெயர் தெரியாத இரண்டாமவன். அவன் வருவான் என்ற உறுதியின் மேல்தான் முதலாமவனின் கார் தொழிற்சாலையில் செய்யப்படுகிறது. நம் நாட்டிலும் சில ஆண்டுகள் கழித்து இன்ன விலைக்குத் திரும்பப் பெற்றுக்கொள்வோம் என்று இந்நிறுவனங்கள் முன்கூட்டியே உறுதி தருகின்றன. மெர்சிடிஸ் கார்கள் 1995 முதல் பூனாவிலும், பி.எம்.டபிள்யூ. கார்கள் 2007 முதல் நம் மறைமலைநகர்ப் பக்கத்திலும் பூட்டப்படுவதால், திண்டிவனத்திலிருந்து சென்னைக்குப் பேருந்தில் செல்லும் நம்மவர் அந்தத் தொழிற்சாலைக்கு அருகாகவே செல்கிறோம். இது கடல் கடந்த செய்தியன்று.

முனிவருக்கு உணவளிக்கும் இல்லத்தில், முனிவர் வராவிட்டாலும் அடுப்பு எரியும். அன்றைய அரிசியின் அளவு அவரால் கூடுவதில்லை. கூடக் கூடாது என்பதற்காகத்தான் அவ்விதியே. இரண்டாம் கை வாங்குவோன் அப்படிப்பட்டவன் அல்லன். அவன் கையிலுள்ள கோலிக்குண்டு முதலிலேயே கணக்கில் வைக்கப்பட்டிருக்கிறது. செய்வித்தலில் அவனுக்கு முழுப் பங்கு என்று நான் கூறவில்லை. முழுதும் பங்கில்லை என்று கூற இயலாது என்பதே நான் கண்டது.

தோலைப் பற்றிச் சில செய்திகளை அறிந்துகொண்டேன். அறியாதிருந்தால் இன்னும் நன்றாக உறங்கியிருப்பேன். உயர்விலைக் கார் ஒன்றின் உட்புறத்தை முழுமையாகப் போர்த்த ஒரு தோல் போதாது. பல தோல்கள் வேண்டும். ஜெர்மானிய நிறுவனத்திற்கு உரிமையான ரோல்ஸ்-ராய்ஸ் கார்களுக்குக் காளைத் தோலையே தேர்கின்றனர். பசுவின் தோலில் கருவுற்ற காலத்து விரிந்த வரிகள் தங்கிவிடுமாம். தாய்மை ஒரு குறையாகக் கணக்கிடப்படும் இடம் அது. இராணிப்பேட்டைப் பகுதியில் நான் சில ஆண்டுகள் பணியாற்றினேன். தோல் பதனிடும் சாலைகளின் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்பதை 1996இல் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் எழுதும் முன்பே, எங்கள் பள்ளிக் கிணற்று நீர் எங்களுக்குச் சொல்லிவிட்டது. மகனின் காரில் இருந்த தோல் எந்த நாட்டு மாட்டினுடையதோ அறியேன். மணம் மட்டும் எனக்குப் பழைய மணமாக இருந்தது.

மகன் பக்கத்து நியாயத்தையும் மறைக்கக் கூடாது. பழைய கார் ஒன்று ஓடும் வரையில் புதிய இரும்பு உருக்கப்படுவதில்லை. செயற்கைத் தோலும் பழியற்றதன்று. அது மண்ணெண்ணெயின் உடன்பிறப்பு. மெர்சிடிஸ் நிறுவனம் பல பத்தாண்டுகளாகச் செயற்கைத் தோல் இருக்கைகளைத் தந்துவருகிறது. ஜெர்மனியின் வாடகைக் கார்களில் அவையே நெடுநாள் உழைத்தன. விலங்குப் பொருள் அற்ற உட்புறத்துடன் 2023 முதல் கார்கள் வரும் என்று பி.எம்.டபிள்யூ. அறிவித்தது. அவ்வறிவிப்பிலேயே, பூச்சுகளில் ஜெலட்டினும், வண்ணங்களில் ஆட்டு உரோமக் கொழுப்பும், ரப்பர் வகைகளில் மாட்டுக் கொழுப்பும் சிறிதளவு இருக்கக் கூடும் என்று ஒப்புக்கொண்டிருந்தது. இதைப் படித்தபோது என் மகன் பக்கம் சிறிது சாய்ந்தேன். முழுத் தூய்மை எந்தக் காரிலும் இல்லை. நான் நாள்தோறும் ஏறிய பேருந்திலும் இருந்திருக்காது.

எங்கள் வழக்கில் நான் வென்றுவிட்டதாக எண்ணியிருந்த ஒரு மாலையில் அவன் அமைதியாகக் கேட்டான்: “உங்கள் முகூர்த்தப் புடவை எங்கே அம்மா?”

பெட்டியில் இருக்கிறது. காஞ்சிபுரத்துப் பட்டு, அரக்கு நிறம். கூட்டினுள் இருக்கும் புழுவை ஆவியிலும் கொதிநீரிலும் கொன்றபின் நூற்கப்படும் நூல். ஒரு புடவைக்குப் பல ஆயிரம் கூடுகள். அவ்வுயிர்கள் எனக்கென்றே மாண்டன. இடையில் முதலாமவர் எவரும் இல்லை. புழுவைப் பறக்கவிட்டபின் நூற்கும் முறையை ஆந்திரத்துக் குசும ராஜையா என்பவர் வளர்த்தெடுத்து அகிம்சைப் பட்டு என்ற பெயரில் பரப்பினார் என்பதைப் பிற்காலத்தில் படித்தேன். என் திருமணத்தின்போது எங்கள் ஊரில் எவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. இதை ஒரு சமாதானமாகச் சொன்னேன். “தெரியாது என்பது உங்களுக்குச் சமாதானம், இரண்டாம் கை என்பது எனக்குச் சமாதானம்” என்றான். அதற்கு மேல் நாங்கள் இருவரும் பேசவில்லை. அவன் குரலில் வெற்றி இல்லை. அதுதான் என்னைச் சுட்டது.

அதன் பிறகு அவன் எல்லா இருக்கைகளுக்கும் கதர்த் துணியில் உறை தைத்துப் போட்டான். தோலின் மேல் துணி போட்டால் தோல் இல்லாமற் போய்விடுமா என்று கேட்க நாவெழுந்தது; கேட்கவில்லை. மூட்டு வலி மிகுந்து, மேல்சித்தாமூருக்குப் பேருந்தில் செல்ல இயலாத நிலை வந்தபோது அக்காரில்தான் சென்றேன். காற்றுப் பைகள் அப்பொழுதுதான் புதிதாக மாற்றப்பட்டிருந்தன. செஞ்சிச் சாலையின் பள்ளம் ஒன்றுகூட முழங்காலுக்குத் தெரியவில்லை. தத்துவார்த்த சூத்திரம் உடைமைக்கு இலக்கணம் கூறும்போது பொருளைச் சுட்டாமல் மனத்தின் மயக்கத்தைச் சுட்டுகிறது. காரை வாங்கியவன் பழுது பார்த்து அலுத்து அதை வெறுக்கத் தொடங்கியிருந்த நாளில், வாங்காதே என்ற நான் பின்னிருக்கையில் கண்மூடிச் சாய்ந்து, இன்னும் சிறிது தூரம் இருக்கக் கூடாதா என்று எண்ணினேன். அவ்வேளையில் அந்தக் கார் எங்கள் இருவருள் யாருடைய உடைமை?

2024இல் அதை விற்றான். கியர்ப் பெட்டியில் ஒரு தயக்கம் தோன்றியிருந்தது. எச்சரிக்கை விளக்கை அணைத்துக் காட்டினால் போதும் என்று தரகர் யோசனை கூறினார். மகன் குறையை எழுதியே கொடுத்தான். 80,000 ரூபாய் குறைந்தது. வாங்க வந்தவர் முப்பது வயதிருக்கும். மனைவியும் கைக்குழந்தையும் உடன் வந்திருந்தனர். அவர் குறையைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. கதர் உறையைக் கழற்றிவிட்டுத் தோலைக் கையால் தடவிப் பார்த்தார். பணத்தை எண்ணிக் கொடுத்தார். மகன் வாய்மை தவறவில்லை. எனினும் எங்களுக்குப் பின்னே ஒருவர் வருவார் என்று நாங்களும் எதிர்பார்த்துத்தானே இருந்தோம்? அவரும் வந்தார்.

இப்பொழுது வீட்டில் துணி இருக்கை கொண்ட ஒரு சிறிய கார் இருக்கிறது. அதில் முழங்கால் வலிக்கிறது.

சென்ற திங்களில் பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். அவளுக்குத் தை மாதம் திருமணம். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, “ஆயா, புதுப் பட்டு வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். எனக்காக ஒரு புழுவும் சாக வேண்டாம். உங்கள் முகூர்த்தப் புடவையையே கட்டிக்கொள்கிறேன், அது பழையதுதானே?” என்று கேட்டாள். புடவையைத் தோளில் போட்டுக் கண்ணாடியின் முன் நின்றாள். சரிகை சிறிதும் கறுக்கவில்லை. தெருவில் சென்ற இரு பெண்கள் சன்னல் வழியாகக் கண்டு நின்று, எங்கே வாங்கியது என்று கேட்டனர். நான் இன்னும் அவளுக்கு விடை சொல்லவில்லை. தைக்கு மூன்று மாதம் இருக்கிறது.